டிசைன் பட்டமோ எம்.பி.ஏ.வோ இல்லாமல் மேலே வந்த பெண்கள் நிஜமாகவே இருக்கிறார்களா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். எம்.ஏ. வரலாறு முடித்துவிட்டு மூன்று வருடமாக ஒரு பதிப்பகத்தில் வேலை செய்கிறீர்கள். மார்க்கெட்டிங், டிசைன் பக்கம் போக ஆசை. வீட்டில் "படிச்சதுக்கும் பார்க்கப்போற வேலைக்கும் சம்பந்தமே இல்லையே" என்கிறார்கள். வேறு துறையிலிருந்து வந்து இந்த இரண்டிலும் தலைமைப் பொறுப்பு வரை போன பெண்கள் உண்டா, இல்லை அதெல்லாம் மேடையில் சொல்லும் ஊக்கக் கதைகளா என்று கேட்கிறீர்கள். ஆறு மாத சர்டிஃபிகேட் கோர்ஸ் ஒன்றில் பணம் கட்டலாமா என்பது கடைசிக் கேள்வி.

இருக்கிறார்கள். ஒரே குழுவிலேயே இரண்டு பேரைக் காட்டுகிறேன். 1984 ஜனவரியில் வெளிவந்த ஆப்பிள் மெக்கின்டாஷ் கம்ப்யூட்டரை உருவாக்கிய குழு அது. அதன் மார்க்கெட்டிங்கைத் தனியாளாகத் தொடங்கியவர், தொல்லியலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர்: ஜோவன்னா ஹாஃப்மன். அதன் திரைக்கு முகம் கொடுத்தவர் ஒரு சிற்பி: சூசன் கேர். நான் பதினாறு வருடமாக டிசைன் குழுக்களில் இருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் ஆள் எடுக்கும் பொறுப்பும் சேர்ந்தது. இந்த இருவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சூசன் கேரிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அவர் செய்ததை உங்கள் கண்ணாலேயே பார்த்திருப்பீர்கள். நம் ஊரில் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய் மவுஸ் பிடிக்கப் பழகிய ஒரு தலைமுறையே சாலிட்டேர் சீட்டு ஆடித்தான் பழகியது. 1990-ல் வந்த விண்டோஸ் 3.0-இல் இருந்த அந்தச் சீட்டுக்கட்டு அவர் வரைந்தது. ஆனால் அது பிற்பாடு.

அவர் 1954-ல் நியூயார்க் மாநிலத்தின் இதாகாவில் பிறந்தவர். அம்மா அவருக்கு நூல் எண்ணிப் போடும் எம்ப்ராய்டரி சொல்லிக் கொடுத்தார். கிராஸ் ஸ்டிட்ச் போட்டவர்களுக்கு அது என்னவென்று தெரியும்: துணியின் இழையை எண்ணி, ஒரு கட்டத்துக்கு ஒரு தையல். வளைவு கிடையாது, பாதிக் கட்டம் கிடையாது. ரோஜா இதழின் வளைவைக்கூடப் படிக்கட்டாகத்தான் போட்டாக வேண்டும். பள்ளியில் படிக்கும்போதே பிலடெல்ஃபியாவின் ஃபிராங்க்ளின் இன்ஸ்டிட்யூட் அறிவியல் அருங்காட்சியகத்தில் ஒரு டிசைனரிடம் உதவியாளராக இருந்தார். காட்சிப் பொருளுக்குப் பக்கத்தில் வைக்கும் லேபிளுக்கு, இருட்டறையில் எழுத்துக்களைக் கோத்துக் கொடுக்கும் வேலை. பிறகு மவுன்ட் ஹோல்யோக் கல்லூரியில் ஓவியக் கலைப் பட்டம், 1975. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், 1978. ஆய்வுத் தலைப்பைக் கவனியுங்கள்: ஓனொரே தோமியே, கிளேஸ் ஓல்டன்பர்க் இருவரின் சிற்பங்களில் கேலிச்சித்திரத் தன்மை. ஒரு முகத்தில் எதை எடுத்துவிட்டாலும் ஆள் அடையாளம் தெரியும், எதை எடுத்தால் தெரியாது என்பதுதான் கேலிச்சித்திரத்தின் சாரம். ஐந்து வருடம் கழித்து அவர் ஆப்பிளில் செய்தது கிட்டத்தட்ட அதையேதான்.

படிப்பு முடிந்து சான் ஃபிரான்சிஸ்கோ நுண்கலை அருங்காட்சியகங்களில் வேலைக்குச் சேர்ந்தார். நல்ல வேலை, மரியாதையான வேலை. ஆனால் கலைஞர்களின் பட்டறைக்குப் போய்ப் பேசிவிட்டு வரும்போதெல்லாம், நாமும் இப்படி ஒரு பட்டறையில் உட்கார்ந்து எதையாவது செய்துகொண்டிருக்கலாமே என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கிறது. சிற்ப வேலைக்குத் திரும்பினார். ஆர்கன்சா மாநிலத்தின் ஹாட் ஸ்பிரிங்ஸில் ஒரு அருங்காட்சியகம் காட்டுப்பன்றிச் சிலை ஒன்று கேட்டிருந்தது, நிஜப் பன்றியின் அளவிலேயே, இரும்பில். அதை அவர் வெல்டிங் செய்துகொண்டிருந்த காலத்தில், 1982-ல், ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்டிடமிருந்து போன் வந்தது. பள்ளித் தோழர். அப்போது மெக்கின்டாஷ் குழுவில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தார். திரைக்குச் சில சின்னப் படங்களும் எழுத்துக்களும் வேண்டும், செய்து கொடுத்தால் பதிலுக்கு ஒரு ஆப்பிள் II கம்ப்யூட்டர் தருகிறோம் என்றார்.

இந்த இடத்தில்தான் ஊக்கக் கதை சொல்கிறவர்கள் வேகமாக ஓடிவிடுவார்கள். "ஒரு போன் வந்தது, வாழ்க்கை மாறியது" என்று. போன் வந்த பிறகு அவர் என்ன செய்தார் என்பதுதான் உங்களுக்குத் தேவையான பகுதி.

கம்ப்யூட்டரில் வரைய அவரிடம் கம்ப்யூட்டர் இல்லை. ஹெர்ட்ஸ்ஃபெல்ட் சொன்னபடி பாலோ ஆல்டோவில் ஒரு ஓவியப் பொருள் கடையில் சின்னக் கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கினார். இரண்டரை டாலர் இருக்கும். 32 கட்டத்துக்கு 32 கட்டம் ஒதுக்கிக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்புவதா விடுவதா என்று முடிவு செய்துகொண்டே போனார். அந்தக் கம்ப்யூட்டரின் திரையில் கறுப்பு, வெள்ளை தவிர வேறு நிறம் கிடையாது, சாம்பல்கூட இல்லை. ஒரு ஐகானுக்கு மொத்தம் 1,024 புள்ளி. வெட்டுவதற்குக் கத்தரிக்கோல், பெயின்ட் ஊற்ற வாளி, சுட்டிக்காட்டும் விரல் என்று நோட்டு நிறைந்தது. எழுத்துரு பற்றித் தெரிந்ததைப் புதுப்பித்துக்கொள்ள நூலகத்திலிருந்து புத்தகங்கள் எடுத்தார். அந்தப் புத்தகங்களையும் நோட்டையும் கையில் எடுத்துக்கொண்டுதான் நேர்காணலுக்கே போனார். 1983 ஜனவரியில் வேலையில் சேர்ந்தார். அவருடைய விசிட்டிங் கார்டில் பதவியின் பெயர் "மெக்கின்டாஷ் ஓவியர்" என்றே இருந்தது.

அந்த நோட்டின் பக்கங்கள் பிற்காலத்தில் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்புக்குப் போய், 2015-ல் காட்சிக்கும் வைக்கப்பட்டன. நான் ஆள் எடுக்கும்போது பட்டத்தை விட நோட்டைப் பார்க்க ஆசைப்படுவதற்கு இந்தக் கதை ஒரு காரணம். அதில் முடிந்த வேலை மட்டும் இல்லை, தப்பிப்போன முயற்சிகளும் இருக்கின்றன. "காப்பி" என்ற கட்டளைக்குப் படம் வேண்டும். காகிதத்தில் படி எடுக்கிற ஜெராக்ஸ் மெஷினை யோசித்தார். கண்ணாடியில் தன்னைப் பார்க்கும் பூனையையும் வரைந்து பார்த்தார். ஆங்கிலத்தில் அப்படியே பார்த்துச் செய்கிறவரைப் பூனையோடு சேர்த்துச் சொல்லும் வழக்கு உண்டு. நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ஆங்கிலம் தெரியாதவருக்கு அது வெறும் பூனை. அந்தப் படம் கம்ப்யூட்டருக்குள் போகவில்லை. ஒரு சொல் விளையாட்டு எந்த மொழிக்காரருக்குப் புரியும், யாருக்குப் புரியாது என்று நின்று யோசிப்பதைத்தான் நாம் இன்று டிசைன் முடிவு என்கிறோம். உங்களுக்கு அது மொழிபெயர்ப்பு முடிவாகத் தெரியும். இரண்டும் ஒன்றுதான்.

இன்னொன்று சொல்கிறேன். மெனுவில் ஒவ்வொரு கட்டளைக்கும் பக்கத்தில் குறுக்குவழி விசையைக் காட்ட ஆப்பிள் லோகோவைப் போட்டிருந்தார்கள். ஆப்பிளின் நிறுவனர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸ் பார்த்துவிட்டு, திரை முழுக்க ஆப்பிளாக இருக்கிறது, எடுங்கள் என்றார். நேரம் குறைவு. கேர் உலகச் சின்னங்கள் அடங்கிய ஒரு அகராதியைப் புரட்டிக்கொண்டே போனார். நான்கு மூலையிலும் கண்ணி போட்ட ஒரு சதுரம் கண்ணில் பட்டது. ஸ்வீடனில் பார்க்க வேண்டிய இடம் என்று காட்டப் பலகையில் போடுகிற அடையாளம். இன்றைக்கும் உலகத்தின் ஒவ்வொரு ஆப்பிள் விசைப்பலகையிலும் அது இருக்கிறது. அருங்காட்சியகத்திலும் நூலகத்திலும் வாழ்ந்த ஒருவருக்கு, பதில் கிடைக்காதபோது புத்தகத்தைப் புரட்ட வேண்டும் என்பது கையின் பழக்கம். அந்தப் பழக்கம் உங்களுக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன், வரலாறு படித்தவர் என்பதால்.

எழுத்துருக்களும் அவர் செய்தவைதான். சிகாகோ, ஜெனிவா, மொனாக்கோ, நியூயார்க். முதலில் அவரும் ஹெர்ட்ஸ்ஃபெல்டும் தாங்கள் வளர்ந்த பிலடெல்ஃபியா புறநகர் ரயில் நிலையங்களின் பெயர்களைத்தான் வைத்திருந்தார்கள். ஜாப்ஸ், ஊர் பெயர் சரி, ஆனால் உலகத்துக்கே தெரிந்த ஊர்களாக வையுங்கள் என்று மாற்றச் சொன்னார். அதுவரை கம்ப்யூட்டர் திரைகளில் பெரும்பாலும் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். ஒல்லி எழுத்தும் குண்டு எழுத்தும் ஒரே அளவு இடம் பிடிக்கும். இவருடைய சிகாகோவில் ஒவ்வொரு எழுத்துக்கும் அதற்கு வேண்டிய இடம். மெனுவில் படிக்கத் தெளிவாக இருந்தது. 2001-ல் முதல் ஐபாட் வந்தபோது அதன் சின்னத் திரையிலும் அதே எழுத்துரு. இருட்டறையில் லேபிளுக்கு எழுத்துக் கோத்த பள்ளிச் சிறுமியை இந்த இடத்தில் எனக்கு நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

தலைமைப் பொறுப்பு பற்றிக் கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். ஜாப்ஸ் 1985-ல் ஆப்பிளை விட்டு வெளியேறி நெக்ஸ்ட் என்ற கம்ப்யூட்டர் நிறுவனத்தைத் தொடங்கினார். கேர் அதன் முதல் பத்து ஊழியர்களில் ஒருவர், கிரியேட்டிவ் டைரக்டர். லோகோவுக்கு யாரைப் பிடிப்பது என்றபோது, தான் மதித்த பால் ராண்டை ஜாப்ஸுக்கு அறிமுகப்படுத்தினார். ஐ.பி.எம். லோகோவைச் செய்தவர் அவர். 1986-ல் வந்த அந்த நெக்ஸ்ட் லோகோவுக்கு ஒரு லட்சம் டாலர். வேறொருவரின் திறமையை அடையாளம் கண்டு, அவருக்கு அந்தத் தொகை தரலாம் என்று நிறுவனத்தை நம்ப வைப்பது, வரைவதிலிருந்து வேறுபட்ட வேலை. அதையும் செய்தார்.

பிறகு அதை விட்டார். மறுபடியும் புள்ளி புள்ளியாக வரைய வேண்டும் என்று அவருக்கு இருந்தது. 1980-களின் கடைசியில் தனியாக டிசைன் தொழில் தொடங்கினார். மைக்ரோசாஃப்ட், ஐ.பி.எம். என்று ஒன்றுக்கொன்று போட்டியாக இருந்த நிறுவனங்களுக்கெல்லாம் வரைந்தார். 2007-லிருந்து 2010 வரை ஃபேஸ்புக்கில் ஒரு டாலருக்கு வாங்கி நண்பர்களுக்கு அனுப்பிய குட்டிப் பரிசுப் படங்கள் அவர் கையில் பிறந்தன. 2015-ல், அறுபது வயது கடந்தபின், பின்ட்ரெஸ்ட் நிறுவனத்தில் சேர்ந்தார். 2018-ல் அமெரிக்க டிசைனர்களின் அமைப்பான ஏ.ஐ.ஜி.ஏ.வின் பதக்கம். தலைமை நாற்காலி கிடைத்தும் எழுந்து வந்த இந்தப் பகுதியை நான் ஒரு குறையாகப் பார்க்கவில்லை. எங்கள் துறையில் நன்றாக வரைகிற பெண்களைப் பதவி உயர்வு என்ற பெயரில் மீட்டிங்குக்கு அனுப்பி, கையைக் கட்டிப்போட்டு, ஐந்து வருடத்தில் அவர்களே வேலையை வெறுக்கும்படி செய்துவிடுகிறார்கள். நீங்கள் தலைமை என்று கேட்கும்போது எந்தத் தலைமை என்று உங்களையே ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்: ஆட்களை நடத்துவதா, வேலையின் தரத்துக்குப் பொறுப்பேற்பதா.

இப்போது ஜோவன்னா ஹாஃப்மன். இவர் பாதை இன்னும் வளைந்தது. போலந்தில் பிறந்தார். சிறு வயதின் ஒரு பகுதி அம்மாவோடு சோவியத் ஆர்மீனியாவில் கழிந்தது. பிறகு, பதின்வயதை எட்டும் முன், அமெரிக்காவின் பஃபலோ நகரம். ஊர் மாறும்போதெல்லாம் மொழியும் மாறியது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) படித்தார், மானுடவியல், இயற்பியல், மொழியியல் மூன்றிலும் பரிச்சயம். அடுத்து சிகாகோ பல்கலைக்கழகத்தில் தொல்லியலில் முனைவர் பட்டம். அதை முடிக்கவில்லை.

நண்பர்கள் சொன்னதால் கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் நடந்த ஒரு சொற்பொழிவுக்குப் போனார். அங்கே ஜெஃப் ராஸ்கினோடு வாக்குவாதம் ஆகிவிட்டது. கம்ப்யூட்டர் எப்படி இருக்க வேண்டும், மனிதர்களின் வாழ்க்கையில் அது எதைச் சரி செய்ய வேண்டும் என்பது பேச்சு. மெக்கின்டாஷ் திட்டத்தை ஆப்பிளில் தொடங்கியவர் ராஸ்கின்தான். வாக்குவாதம் முடிந்ததும் அவர் நேர்காணலுக்கு வரச் சொன்னார். 1980 அக்டோபரில் ஹாஃப்மன் சேர்ந்தபோது மெக்கின்டாஷ் குழுவில் அவர் ஐந்தாவது ஆள். அடுத்த ஒன்றரை வருடம் அந்தத் திட்டத்துக்கு மார்க்கெட்டிங் துறை என்றால் அவர் ஒருவர்தான்.

ராஸ்கினைப் பற்றி ஒரு வரி சொல்லியாக வேண்டும். அவர் இசை தெரிந்தவர்; சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் காட்சிக் கலையும் கம்ப்யூட்டரும் கற்றுக் கொடுத்தவர். அவரே இரண்டு உலகத்துக்காரர். தொல்லியல் மாணவி ஒருத்தி எழுந்து நின்று கம்ப்யூட்டரைப் பற்றி வாதிட்டபோது, "உனக்கென்ன தெரியும்" என்று அவருக்குத் தோன்றாததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். நீங்கள் வேலை தேடும்போது நிறுவனத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன், அந்தக் குழுவை நடத்துகிறவர் எந்த வழியாக வந்தவர் என்று பாருங்கள். வளைந்த பாதையில் வந்தவர்தான் பெரும்பாலும் இன்னொரு வளைந்த பாதைக்காரரை அடையாளம் காண்கிறார். என் அனுபவத்தில் இது தவறியதே இல்லை.

ஹாஃப்மன் வந்து என்ன செய்தார்? மெக்கின்டாஷின் பயனர் இடைமுக வழிகாட்டியின் முதல் வரைவை எழுதினார். யார் மென்பொருள் எழுதினாலும் அது பயனர் முன்னால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் ஆவணம் அது. ஒரு மென்பொருளில் பழகிய கை இன்னொன்றிலும் தடுமாறக் கூடாது. எழுத்துக்குச் செய்வதும் படத்துக்குச் செய்வதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இதை எழுதியவர் பொறியாளராகப் பயின்றவர் இல்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை. தொல்லியலில் என்ன செய்வார்கள்? மண்ணுக்குள் இருந்து ஒரு பானை ஓடு வரும். பக்கத்தில் குறிப்புப் புத்தகம் இருக்காது. பொருளை மட்டும் வைத்துக்கொண்டு, இதை எந்தக் கை பிடித்தது, எதற்குப் பிடித்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். கம்ப்யூட்டரையே முன்பின் பார்க்காதவர் அதன் முன் வந்து உட்கார்ந்தால் எதைத் தொடுவார் என்று யோசிப்பதும் அதே கேள்விதான், திசை மட்டும் வேறு. இது என் வாசிப்பு. அவர் இப்படிச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அவருடைய பேர் போன குணம் எதிர்த்துப் பேசுவது. ஜாப்ஸை எதிர்த்து நின்றவருக்கு என்று மெக்கின்டாஷ் குழுவினர் தங்களுக்குள் வருடா வருடம் ஒரு பரிசு கொடுத்துக்கொண்டார்கள். 1981, 1982 இரண்டு வருடமும் ஹாஃப்மனுக்கே. அவர் போட்டிருந்த விற்பனைக் கணிப்புகளை ஜாப்ஸ் நடக்காத அளவுக்கு மாற்றிவிட்டார் என்று தெரிந்ததும் கொதித்துப்போய் நேரே அவர் அறைக்கு நடந்தார். ஜாப்ஸ் கேட்டுக்கொண்டு, பின்வாங்கினார். வெறும் தைரியக் கதையாக மட்டும் இதைப் படிக்காதீர்கள். அவர் சண்டை போட்டது தான் வேலை செய்து எட்டிய எண்ணுக்காக. எதிர்த்து நிற்கும் உரிமை அந்த எண்ணிலிருந்து வந்தது. அடுத்த வருடம், 1983-ல், அதே பரிசு டெபி கோல்மனுக்கு. இவரும் வேறு துறையிலிருந்து வந்தவர்தான், பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தவர்! ஆனால் பிறகு ஸ்டான்ஃபோர்டில் எம்.பி.ஏ. முடித்தார். மெக்கின்டாஷ் உற்பத்தியை நடத்தி, 1987-ல் ஆப்பிளின் தலைமை நிதி அதிகாரி ஆனார்.

ஹாஃப்மன் பிறகு சர்வதேச மார்க்கெட்டிங் குழுவை நடத்தி மெக்கின்டாஷை ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் முதலில் கொண்டுபோனார். மூன்று நாட்டில் வளர்ந்தவருக்கு, ஒரு நாட்டில் செய்த பொருள் அப்படியே இன்னொரு நாட்டில் செல்லாது என்பதை யாரும் பாடம் எடுக்க வேண்டியிருந்திருக்காது. நெக்ஸ்டுக்கும் போனார். அதன் பிறகு ஜெனரல் மேஜிக் நிறுவனத்தில் மார்க்கெட்டிங் துணைத் தலைவர். இன்றைய செல்போன் போல, கையடக்கமான தொடர்புக் கருவியை 1990-களின் தொடக்கத்திலேயே செய்யப் பார்த்த நிறுவனம் அது. சோனி 1994-ல் அந்த மென்பொருளோடு மேஜிக் லிங்க் கருவியை விற்றது; போதிய அளவு விற்கவில்லை. 1995-ல் ஹாஃப்மன் ஓய்வு பெற்றார். அவர் பாதையில் ஒரு தோல்வியும் இருப்பதை மறைக்காமல் எழுதுகிறேன். பொருள் காலத்துக்கு முந்தி வந்தால் எவ்வளவு நல்ல மார்க்கெட்டிங்கும் அதைக் காப்பாற்றாது.

இனி நம் இடத்துக்கு வருகிறேன். இந்த இரண்டு கதையையும் படித்துவிட்டு "அப்போ எனக்கும் நடக்கும்" என்று மட்டும் எடுத்துக்கொண்டால் நான் உங்களுக்குத் தப்பான வழி காட்டியவன் ஆவேன். இரண்டு பேருக்கும் கதவு திறந்தது விண்ணப்பம் போட்டு இல்லை. ஒருவருக்குப் பள்ளித் தோழர். இன்னொருவருக்கு ஒரு சொற்பொழிவு அரங்கில் நடந்த சண்டை. கேரின் அப்பா பல்கலைக்கழகப் பேராசிரியர். சம்பளமில்லாமல் பன்றிச் சிலைக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருக்க ஒரு பின்பலம் வேண்டும். 1980-களில் "ஐகான் டிசைனர்" என்று ஒரு வேலையே கிடையாது. இல்லாத வேலைக்கு யாரும் பட்டம் கேட்க முடியாது. இன்று அந்த வேலைக்கு ஆயிரம் கல்லூரி பட்டம் தருகிறது.

முன்பு நான் இருந்த ஒரு நிறுவனத்தில் டிசைன் குழுவுக்கு ஆள் கேட்டிருந்தோம். ஒரு பெண்ணின் வேலையைத் தற்செயலாக வேறு இடத்தில் பார்த்தேன். நெசவு வடிவங்களை வைத்துச் செய்த தகவல் படங்கள், அத்தனை தெளிவு. எங்களுக்கு விண்ணப்பித்தீர்களா என்று கேட்டால், இரண்டு தடவை விண்ணப்பித்தேன் என்றார். எச்.ஆர். வைத்திருந்த மென்பொருள், "டிசைன் பட்டம்" என்ற கட்டத்தில் டிக் இல்லாத எல்லா விண்ணப்பத்தையும் எங்கள் கண்ணுக்கு வராமலே ஒதுக்கியிருக்கிறது. அதைக் கண்டுபிடித்து எடுக்க வைத்தோம். ஆனால் அதற்குள் அவர் வேறு வேலையில் சேர்ந்துவிட்டார். இன்றைக்கும் அது எனக்கு உறுத்தல். அதனால் சொல்கிறேன், வேலை தேடும் தளத்தில் நூறு விண்ணப்பம் போட்டுவிட்டு, பதில் வரவில்லை என்றால் உங்கள் திறமையைச் சந்தேகப்படாதீர்கள். அந்தக் கவுன்டர் உங்களுக்காகத் திறந்ததே இல்லை. நீங்கள் போக வேண்டியது ஆட்கள் கூடும் இடத்துக்கு: டிசைனர் சந்திப்புகள், பட்டறைகள், ஒருவரின் வேலையைப் பற்றி அவருக்கே எழுதும் ஒரு நல்ல மெயில். ஹாஃப்மன் மாதிரி கேள்வி கேட்பதற்கு எந்தத் தகுதிச் சான்றும் வேண்டாம்.

உங்கள் பதிப்பக வேலையைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போனது எனக்கு வருத்தமாக இருந்தது. பின்னட்டைக் குறிப்பு எழுதுகிறீர்கள் என்றால், முன்னூறு பக்கத்தை நூறு சொல்லில் விற்கிறீர்கள். அது விளம்பர எழுத்து. அட்டை ஓவியரிடம் "நாவல் இருட்டானது, ஆனால் அட்டை இருட்டாக வேண்டாம்" என்று சொல்லி வேலை வாங்குகிறீர்கள் என்றால், அது கிரியேட்டிவ் டைரக்ஷன். சென்னைப் புத்தகக் காட்சியில் ஸ்டாலில் நின்றிருந்தால், எந்த அட்டையை எடுத்துப் புரட்டுகிறார்கள், எதைத் திருப்பி வைக்கிறார்கள், விலையைப் பார்த்ததும் முகம் எப்படி மாறுகிறது என்று நேரில் பார்த்திருப்பீர்கள். அந்த ஆராய்ச்சிக்குப் பெரிய நிறுவனங்கள் தனியாகப் பணம் செலவழிக்கின்றன. வீட்டில் சம்பந்தம் இல்லை என்கிறார்களே, இதைச் சொல்லிப் பாருங்கள்.

சர்டிஃபிகேட் கோர்ஸ் பற்றி. கருவி கற்றுக்கொள்ள வேண்டும், அதில் இரண்டாம் பேச்சு கிடையாது. கேரும் எழுத்துருப் புத்தகங்களை எடுத்துப் படித்துவிட்டுத்தான் போனார். ஆனால் திரை டிசைன் செய்யப் பயன்படும் ஃபிக்மா மாதிரி ஒரு கருவியை இலவசப் பாடங்களை வைத்தே இரண்டு மாதத்தில் வேலை செய்யும் அளவுக்குப் பழகிவிடலாம். நீங்கள் சொன்ன கட்டணத்தை அதற்காகக் கொடுக்க வேண்டாம். அந்தக் கோர்ஸில் அனுபவமுள்ள ஒருவர் வாரா வாரம் உங்கள் வேலையைப் பார்த்துத் திருத்திச் சொல்வார் என்றால் மட்டும் யோசியுங்கள். பதிவு செய்த வீடியோ என்றால் வேண்டாம். மார்க்கெட்டிங் பக்கம் எண் பழக வேண்டும். ஒரு புத்தகத்துக்கு விளம்பரத்துக்கு எவ்வளவு போனது, அதனால் எத்தனை பிரதி கூடுதலாகப் போனது என்று ஒரு எக்ஸெல் தாளில் போடத் தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும். சம்பளம் முதல் இரண்டு வருடம் இறங்கும், அதற்குக் கையில் ஆறு மாதச் செலவை வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. உங்கள் பதிப்பகத்தில் விற்காமல் தேங்கிக் கிடக்கும் மூன்று புத்தகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டை, பின்னட்டை வாசகம், ஒரு சின்ன விளம்பரம் மூன்றையும் நீங்களே திரும்பச் செய்யுங்கள். கணினியில் வராவிட்டால் கட்டம் போட்ட நோட்டிலேயே செய்யுங்கள். எதை ஏன் மாற்றினீர்கள், எந்த யோசனை தப்பிப்போனது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள். உட்கார்ந்து பார்த்து, தோன்றுவதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.